மாஸ்டரின் வாய்

“அப்பா, வாயைத் திறங்க.”

நனைந்த குடையை அவள் மடக்கக்கூட இல்லை. செருப்போடு வாசற்படியில் நின்றபடி இதைச் சொன்னதும் முன்னறையில் இருந்த பித்தளை அத்தனையும் வாயடைத்துப் போயிற்று. ட்ராம்போன்காரர் குழலை நீட்டிய நீட்டில் அப்படியே நின்றார். கிளாரினெட்காரர் கண்ணை மட்டும் உருட்டினார். பெரிய டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா, தூக்கிய குச்சியை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் காற்றிலேயே வைத்திருந்தார். மாஸ்டர், அதாவது அவள் அப்பா, ட்ரம்பெட்டை மடியில் சாய்த்துக்கொண்டு மகளை ஏற இறங்கப் பார்த்தார். வாயை மட்டும் திறக்கவில்லை.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புதுத் துணி கேட்கலாம், சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கலாம், காலேஜுக்குப் போயே தீருவேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். எல்லாம் அவள் செய்து பார்த்து ஜெயித்தவைதான். ஆனால் மாஸ்டரின் வாயைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது. பல் வலிக்கிறதா, உதடு ஏன் வெடித்திருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறதே என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. “அந்த மனுஷன் வாய்தான்டி நம்ம அடுப்பு. அதுல கையை விடாதே” என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். ட்ரம்பெட் ஊதுகிறவருக்கு வாயில் ஏதோ கோளாறாம் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும். பேண்டு பேச வருகிறவர்கள் இந்தப் படி ஏறாமல் நேரே எதிர்வீட்டுக்குப் போய்விடுவார்கள். எதிர்வீடும் பேண்டு வீடுதான்.

“ரிகர்சல் நடக்குது. உள்ள போ,” என்றார் அப்பா.

குரலில் மணல் கரகரத்தது. எச்சிலை விழுங்கும்போது கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்தும் பார்க்காமலிருந்த சாய்வு அது. அவளும்தான் பார்க்காமல் இருந்தாள். இன்றைக்கு முடியவில்லை.

“சின்னதுக்கு ஏன் காய்ச்சல் விடாம வருதுன்னு தெரிஞ்சுபோச்சுப்பா. தொண்டையில கிருமி. ஸ்ட்ரெப்னு பேரு. நானேதான் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தேன், நானேதான் பார்த்தேன். மருந்து குடிச்சு எழுந்திரிக்கிறா, மறுபடியும் படுத்துக்கிறா. கூட இருக்கற யார்கிட்ட இருந்தோதான் திரும்பத் திரும்ப வருதுன்னு டாக்டர் சொல்றாங்க. தொண்டை வலிக்கிற ஆள் ஒருத்தர் விடாம பார்த்துட்டு வான்னு பெட்டியையே கையில குடுத்து அனுப்பிட்டாங்க.”

உள்ளறையிலிருந்து தங்கையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “அக்கா குச்சி விட்டப்ப எனக்குக் குமட்டவே இல்ல! நான் அசையவே இல்ல!”

“வாயை மூடிட்டுப் படுடி!”

“அங்க திறங்கறே, இங்க மூடுங்கறே,” என்றார் சித்தப்பா. “லேப்காரிக்கு இன்னிக்கு என்னதான் வேணுமாம்?”

அதற்குள் அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டாள். நாளைச் சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு. விடாத மழையில் சிவப்புச் சட்டைகள் ஒன்றும் காயவில்லை. தங்கப் பட்டி கருகாமல் ஒவ்வொன்றையும் தேய்த்தே காயவைத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் எட்டிய தூரம் வரை வந்து நின்று, மற்றக் கையால் மகளின் துப்பட்டாவைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“அறிவு கெட்டவளே, ஆளுங்க முன்னாடியா கேட்பே?”

“ஆளுங்க இல்லாதப்ப கேட்டா திறந்துடுவாரா?”

“எதிர்வீட்டு ஜன்னல் தொறந்துதான் கிடக்கு. அந்த மனுஷன் காதைத் தீட்டிட்டு உக்காந்திருப்பான். மாஸ்டருக்கு வாய் போச்சுன்னு நாளைக்கே ஊரைக் கூட்டிருவான்.”

“வாய் ஒண்ணும் போகல. கிருமியா இருந்தா மருந்துல போகும். பொண்ணு உள்ள கொதிச்சுக் கிடக்கா, உனக்கு ஜன்னல்தான் பெருசா?”

“உன்னை வாயைத் திறக்கச் சொல்றதுக்காடி படிக்க வெச்சோம்?”

“ஆமா. அதுக்குத்தான் படிக்க வெச்சீங்க. லேப்ல வேற என்ன பண்றாங்கன்னு நினைச்சே, விளக்கேத்தறாங்கன்னா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்க இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் ஓங்கி அழுத்தினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் காலடி வைத்தவள் அவள் ஒருத்திதான். அதனால் வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் அவளிடம் கேட்பார்கள், அவள் பதில் சொன்னதும் அதைக் கேட்காமல் விடுவார்கள். பட்டத்தைச் சட்டம் போட்டு ட்ரம்பெட்டுகளுக்கு நடுவே மாட்டிவைத்திருந்தார்கள். துடைக்கிற நாளில் பித்தளையோடு சேர்த்து அதையும் துடைப்பார்கள். பெருமைக்குக் குறைவில்லை. சொன்ன பேச்சைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது.

கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மறுபடியும் முன்னறைக்கு வந்தாள். ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து நீளக் குச்சிகளையும் இரண்டு குட்டிப் புட்டிகளையும் வரிசையாக வைத்தாள்.

“சரி. மாஸ்டர் அப்புறம். மத்தவங்கள்ல யாருக்குத் தொண்டை வலிக்குது?”

கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் ட்ரம்பெட்டின் பொத்தான்களை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குக் கொஞ்சம் இருக்கு பாப்பா,” என்று ட்ராம்போன்காரர் இழுத்தார். ஆள் குள்ளம். வாசிக்கிறது அவரைவிட நீளம். அதனால் தெருவில் அவருக்கு ‘நீட்டு’ என்று பெயர். “முள்ளு மாதிரி. ஊசி போடுவியா?”

“ஊசி இல்லண்ணே. குச்சிதான். வாயை நல்லாத் திறங்க. ஆ சொல்லுங்க.”

நீட்டு ஆ சொன்னார். அவள் நாக்கைக் கட்டையால் அமுக்கி, டார்ச்சைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, நாக்கிலும் கன்னத்திலும் படாமல் பஞ்சை உள்ளே விட்டு இரண்டு பக்கத்துச் சதையையும் ஒரு புரட்டுப் புரட்டி வெளியே எடுத்தாள். கண் மூடித் திறக்கும் நேரம்தான். அதற்குள் நீட்டு போட்ட சத்தத்தில் சுவரில் தொங்கிய தாளம் ஒன்று தானாக அதிர்ந்தது.

“அண்ணே, கேட்டியா?” என்றார் சித்தப்பா மாஸ்டரிடம். “இவன் குமட்டறதுகூட சுருதி சேரல.”

“உன்னையும் உக்கார வெச்சாத் தெரியும்,” என்றார் நீட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எடு பாப்பா, எனக்கும் எடு.”

“உங்களுக்கு வலிக்குதா சித்தப்பா?”

“வலிக்குதே. இவன் வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டு காது.”

“காதுக்குத் தனிக் குச்சி. இது தொண்டை வலிக்கிறவங்களுக்கு மட்டும்.”

சின்னக் குழாய் ஒன்றில் இரண்டு புட்டியிலிருந்தும் நாலு நாலு சொட்டு விட்டாள். ரோஸ் நிறம் மஞ்சளாக மாறியது. பஞ்சை அதில் போட்டுக் கடைந்து, பிழிந்து எடுத்துவிட்டு, மெல்லிய அட்டையை உள்ளே நிறுத்தினாள். ஆட்கள் எல்லோரும் கருவிகளை வைத்துவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதவர்கள்கூட அந்த அட்டையை அவ்வளவு கவனமாகப் படித்தார்கள்.

“ஒரு கோடு வந்தாச்சு!” என்றார் கிளாரினெட்காரர்.

“அது எல்லாருக்கும் வரும். அட்டை வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுக்குக் கீழ இன்னொண்ணு வந்தாத்தான் கிருமி.”

வந்தது. தயங்கித் தயங்கி, பென்சிலால் போட்டதுபோல் ஆரம்பித்து, பிறகு அழுத்தமாக.

“ரெண்டு கோடு!” சித்தப்பா டிரம்மில் ஒரு குத்துக் குத்தினார். “நீட்டு, உனக்கு ரெண்டு கோடு! ஆணா பொண்ணா?”

“வெக்கங்கெட்ட பேச்சைப் பாரு,” என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிளாரினெட்காரருக்கு வலி இல்லை. தன் மவுத்பீஸை, வாயில் வைத்து ஊதுகிற அந்த முனையை, அவர் யாருக்கும் தருவதில்லை. “பெத்த அம்மா வந்து கேட்டாலும் தரமாட்டேன்” என்பார். கருமி என்று அவருக்குப் பெயர். அவள் எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த பழைய பிஸ்கட் டின்னை எடுத்தாள். உள்ளே மற்ற எல்லாருடைய மவுத்பீஸும் கலந்து கிடந்தன.

“ஒரே டம்ளர்ல குடிக்கிறீங்களா, ஒரே தட்டுல சாப்பிடறீங்களான்னு டாக்டர் கேட்டாங்க. இல்லவே இல்லேன்னு ரோஷமா சொல்லிட்டு வந்தேன். பாதி வழியில இந்த டின் ஞாபகம் வந்துச்சு.”

எல்லோரும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பேசாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மழை நாளில் பித்தளை குளிர்ந்து கிடந்தால் சுருதி இறங்கிவிடும். அதனால் வாசிப்பதற்கு முன்னால் மாஸ்டர் டின்னைத் திறப்பார். ஒவ்வொரு மவுத்பீஸாக எடுத்துத் தன் வாயில் வைத்து ஊதி ஊதிச் சூடேற்றுவார். தோளில் கிடக்கும் துண்டில் ஒரு துடை துடைத்து அவரவர் கையில் தருவார். வேறு எந்தப் பேண்டிலும் இல்லாத வழக்கம். மாஸ்டர் மூச்சு ஏறிய மவுத்பீஸ் என்று ஆட்கள் வெளியில் போய்ப் பெருமை பேசுவார்கள். வரிசையின் கடைசியில் நின்று இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கிற சின்னதும் அதே டின்னிலிருந்துதான் வாங்கிக்கொண்டாள். இந்த முறை மழை விட்டபாடில்லை. தினமும் சூடேற்றம்தான்.

“பெருமை பேசினீங்களே,” என்றாள் அவள். “அந்த மூச்சுலதான் வருது.”

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று தெரிந்தது. மாஸ்டர் எழுந்தார். ட்ரம்பெட்டை ஆணியில் மாட்டினார். யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

“ஏன்டி இப்படி அடிக்கிறே?” என்றாள் அம்மா.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பின்கட்டில் தகரக் கூரைக்கடியில் அவர் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு டம்ளர் டீ. கையில் ரொட்டித் துண்டு. அதை டீயில் முக்கி, முக்கி, கூழாகக் கரைகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு குடித்தார். விழுங்கும்போது கழுத்து சாய்ந்தது. தகரத்தில் விழுந்த மழை வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளாப்பா இப்படி?”

“எப்படி?”

“ரொட்டியைக் குடிக்கிறது.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முன்னறைச் சுவரைக் கதவு வழியாகப் பார்த்தார். அங்கே, ஆணியில், துணி சுற்றிய ஒரு ட்ராம்போன் தொங்கியது. நீட்டு வருவதற்கு முன்னால் அதை வாசித்தவரை அவள் பெரியப்பா என்று கூப்பிடுவாள். ரத்த உறவு இல்லை, அப்பாவுக்குத் தோள் கொடுத்த கூட்டாளி. அவருக்கும் முதலில் தொண்டை வலிதான். பிறகு ரொட்டியை டீயில் முக்கினார். பிறகு குரல் போயிற்று, பிறகு ஆளே போய்விட்டார். அந்த நோயின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘அது’ என்பார்கள்.

அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. எதிர்வீட்டுக்குப் பயந்து மூடிய வாய் இல்லை இது.

“‘அது’ன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா?”

“தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்மா?” அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். “சின்னது ஒரு வருஷம் நல்லா வாசிச்சுட்டா அவளே வரிசையை இழுத்துட்டுப் போயிருவா. அதுவரைக்கும் ஓட்டிருவேன்னு பார்த்தேன்.”

“அவளைப் படுக்க வெச்சுட்டு ஓட்டறீங்க.”

“என்கிட்ட இருந்துதான் அவளுக்கு வருதுன்னு எனக்குத் தெரியுமா? ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டுற நோய் இல்லையே அது. பெரியப்பாகிட்ட இருந்து யாருக்கும் ஒட்டல.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!” அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினாள். “அது ஒட்டாதுப்பா. இது ஒட்டியிருக்கு. சின்னதுக்கு ஒட்டியிருக்கு, நீட்டு அண்ணனுக்கு ஒட்டியிருக்கு. அப்ப உங்ககிட்ட இருக்கறது எது? பெத்த பொண்ணு இதுக்குன்னே படிச்சுட்டு எதிர்ல நிக்கறேன். அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காம, நீங்களே உங்களுக்கு என்ன நோயின்னு எழுதி வெச்சுக்கிட்டீங்க. இதுவா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரியும். இல்லேன்னா, நானே கூட்டிட்டுப் போய் அது இருக்கான்னும் பார்ப்பேன். ரெண்டுல எதுன்னாலும் நான் இருக்கேன். திறங்க.”

கையிலிருந்த ரொட்டி டம்ளருக்குள் விழுந்து மூழ்கியது. அவர் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு எதிரில் நிற்பதுபோல் முதுகை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார்.

டார்ச் வெளிச்சத்தில், அந்த வீட்டை இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்த இடத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சதை செக்கச்செவேலென்று வீங்கி, மேலே தயிர் தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். நாக்கை அமுக்கிப் பிடித்தாள். பஞ்சைப் புரட்டி எடுத்தாள். அவர் குமட்டவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது.

அட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பினால் பின்கட்டுக் கதவில் பேண்டு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அவள் கத்தியது முன்னறைக்கு என்ன, மழை மட்டும் இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு சின்னதும் எழுந்து வந்திருந்தாள். சித்தப்பா வாயில் ஒரு தமாஷும் இல்லை.

முதல் கோடு வந்தது. இரண்டாவது வரவில்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் கடித்தாள். வாளியில் சொட்டுச் சத்தம். சித்தப்பாவின் விரல்கள் கதவில், அவருக்கே தெரியாமல், மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

“அக்கா,” என்றாள் சின்னது. “அங்க ஏதோ...”

நிழல் மாதிரி இருந்தது. பிறகு கோடு மாதிரி. பிறகு சந்தேகமே இல்லை.

“ரெண்டு கோடு!” என்று கத்தினாள் அவள். “அப்பா, ரெண்டு கோடு! இருக்கு! உங்களுக்கு இருக்கு!”

நோய் இருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு வீடு அப்படி ஆர்ப்பரித்ததை அந்தத் தெரு கேட்டிருக்காது. சித்தப்பா முன்னறைக்கு ஓடிப் பெரிய டிரம்மை அடித்துத் தீர்த்தார். நீட்டு, “எனக்கும் மாஸ்டருக்கும் ஒரே கிருமி!” என்று கிளாரினெட்காரரிடம் மார்தட்டினார். அம்மா அழுதாள், அழுதுகொண்டே வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள், எல்லோருக்கும் முட்டை பொரிப்பதாகச் சொன்னாள். மாஸ்டர் அந்த அட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, புதுசாகப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப ஆடாதீங்க,” என்றாள் அவள். “இது இருக்கு, சரி. வேற ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் கண்ணால பார்த்துச் சொல்லணும். சட்டையை மாத்துங்க. நீட்டு அண்ணே, நீங்களும் கிளம்புங்க.”

கிளினிக்கில் டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் மருந்து எழுதினார். “இப்போதைக்கு வேற எதுவும் தெரியல. ஆனா ஆறிடுச்சுன்னு பாதியில நிறுத்தாம முழுசா முடிங்க. முடிச்ச பிறகும் வலி இருந்தா ஒருநாளும் தள்ளாம வாங்க. நாளைக்கு ஊதக் கூடாது,” என்றார். அப்பா வழியெல்லாம் குடைக்கு வெளியே நனைந்துகொண்டே நடந்து வந்தார். கூப்பிட்டால் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பெரிய பானையில் மவுத்பீஸ்களைப் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். பித்தளை ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று வாசித்தது. “இதைவிட நல்லா நீங்க யாரும் வாசிச்சதில்ல” என்றார் சித்தப்பா, முட்டையும் ரொட்டியும் வாயில் அடைத்துக்கொண்டு.

“எல்லாம் சரி,” என்றார் அப்பா. “நாளைக்கு வரவேற்புக்கு யார் ஊதறது? நான் இல்ல, நீட்டு இல்ல, சின்னது இல்ல. கிளாரினெட்டையும் டிரம்மையும் வெச்சு ஊர்வலமா போறது?”

நீட்டு தொண்டையைச் செருமினார். செருமியதும் வலித்தது. “மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் எதிர்வீட்ல ஆள் குறையுதுன்னு கூப்பிட்டாங்க. போனேன். நம்ம டின்ல இருந்து ஒரு மவுத்பீஸ் எடுத்துட்டுத்தான் போனேன். நம்ம வழக்கத்தைச் சொன்னேன். நல்லாருக்கேன்னு அந்த வீட்டு மாஸ்டரும் அதை வாயில வெச்சுச் சூடாக்கிக் குடுத்தாரு.”

சித்தப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது.

“அவருக்கும் இப்போ...” என்று நீட்டு கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். “அவர் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலாம்.”

அப்பா நிமிர்ந்தபோது அவள் ஏற்கெனவே பெட்டிக்குள் குச்சிகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கே?”

“எதிர்வீட்டுக்கு.”

“போய் என்னன்னு சொல்லுவே? எங்கப்பன் வாயில இருந்துதான் உங்களுக்கு வந்துச்சுன்னா? நாளைக்கு ஊர்ல ஒருத்தன் நம்ம படி ஏறுவானா?”

“ஏறாட்டிப் போகட்டும். அங்க ஒரு குழந்தை கொதிச்சுக் கிடக்கு.”

“சொல்லாமலே மருந்து வாங்கிக்கச் சொல்லேன்டி,” என்றாள் அம்மா.

“சொல்லித்தான் எடுப்பேன். அவர் வீட்ல வலிக்காத ஆளுங்க யாராவது ரெண்டு பேர் இருப்பாங்க. நாளைக்கு நமக்கு வந்து ஊதுங்கன்னும் கேட்பேன்.”

“அவன் ஆளுங்களை? என் சட்டையைப் போட்டுக்கிட்டு?” அப்பா கத்தப் பார்த்தார். தொண்டை விடவில்லை. “அவன் கால்ல விழச் சொல்றியா?”

“கால்ல யாரும் விழ வேண்டாம். வாயைத் திறந்தாப் போதும்.”

செருப்பை மாட்டினாள். கிளினிக்கிலிருந்து வந்து வைத்த குடை வாசலில் விரிந்தபடியே கிடந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் நிற்கமாட்டாள் என்பது அவள் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. படியில் கால் வைத்தபோது அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஏம்மா.”

அவள் திரும்பவில்லை.

“அவனும் ஒரு மாஸ்டர். ஆளுங்க முன்னாடி கேட்காதே. தனியாக் கூப்பிட்டு, தயவுசெஞ்சு திறங்கன்னு கேளு.”

“உங்ககிட்டயே தயவுசெஞ்சு கேட்கல,” என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கினாள்.

பின்னால் சித்தப்பா குச்சியை எடுத்துவிட்டார். ஊர்வலத்தைக் கிளப்புகிற அந்த அடி, தாம், தாம், தாமென்று தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவள் தெருத் தண்ணீரைத் தாண்டாமல் அதில் மிதித்துக்கொண்டே, டிரம்முக்குச் சரியாகக் காலை வைத்து, நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தாள்.